இடக்கைப் பக்கத்து நாற்றுகள்

"தக்காளிச் செடி வளராம பாத்துக்கறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஜென்மம் நீதான்" என்று பெண்டாட்டியைச் சீண்டாமல் அவருக்கு ஒரு நாளும் விடியாது.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் செடி வளரணும்னு தவம் கிடக்கிறான். இவ ஒருத்திதான் வளராதே, வளராதேன்னு மருந்தடிக்கிறா."

அவள் மட்டும் சும்மா விடுவாளா? "நீங்க என்னவாம்? அவனவன் ஆசை ஆசையா வளர்த்த முடியை வெட்டித் தள்ளித்தானே பொழைக்கிறீங்க?"

கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சண்டை இது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பேருக்கும் ஜெயிக்கிற எண்ணமும் கிடையாது.

அவள் வேலை பார்ப்பது ஒரு செடி ஆராய்ச்சி நிலையத்தில். நீளமான ஒரு கண்ணாடி வீடு, அதை ஒட்டினாற்போல ஒரு குளிர் அறை. நாற்றை முந்தி நட்டால் காயை முந்திப் பறிக்கலாம். ஆனால் குளிர் விடுவதற்குள் நட்டுவிட்டால் தக்காளி நாற்று சுருண்டு படுத்துவிடும். பொல்லாத செல்லப்பிள்ளை அது. ஜில்லென்று ஒரு காற்றடித்தால் போதும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அதற்காக வளர்ச்சியை மட்டுப்படுத்தும் ஒரு மருந்தை நாற்றின் மேல் தெளிப்பார்கள். நாற்று உயரப் போகாமல் குட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக நின்று குளிரைத் தாங்கும். அப்புறம் தட்டுகளைக் குளிர் அறையில் வைத்து எடுத்து, எது தாக்குப்பிடித்தது, எது படுத்தது என்று பார்ப்பார்கள். மருந்து தெளித்த தட்டில் சிவப்புக் குச்சி, வெறும் தண்ணீர் தெளித்த தட்டில் வெள்ளைக் குச்சி. மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், பக்கத்திலேயே மருந்து காணாத ஒன்றும் நிற்க வேண்டாமா? அதற்குத்தான் வெள்ளைக் குச்சி. ஒவ்வொரு பெஞ்சிலும் இரண்டையும் கலந்துதான் அடுக்கியிருப்பார்கள்.

அவர் முடி திருத்துபவர். கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட கடை. பிறவியிலேயே இடக்கைக்காரர், கத்தரிக்கோலும் அந்தக் கையில்தான் ஓடும். வாடிக்கைக்காரர்கள் ஆசையாக வைத்த பெயர் இடக்கையார். முடி வெட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் இவர் வெட்டி முடித்ததும் செய்கிற ஒரு காரியத்துக்காகவே ஆட்கள் தெரு தாண்டி வருவார்கள். இடது உள்ளங்கையைத் தலையில் வைத்து, பிடரியிலிருந்து நெற்றி வரைக்கும் மெதுவாக ஓட்டுவார். அப்போது கண்ணாடியைப் பார்க்க மாட்டார், கண்ணையே மூடிக்கொள்வார். "கண்ணை நம்பக் கூடாது சார். வெளிச்சம் மாறினா மேடு பள்ளமாத் தெரியும். உள்ளங்கைக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது" என்பார். ஓடுகிற கை ஓரிடத்தில் நிற்கும். "இங்க ஒரு நூல் தூக்கல்" என்று ஒரே ஒரு தடவை கத்தரிப்பார். வந்தவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தக் கைதான் ஒரு நாள் காலையில், ஒருவருக்குப் பாதித் தலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவருக்கே விஷயம் தெரியும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். நல்ல வேளை, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் முன்னைக்கு இப்போது கொஞ்சம் அதிகமாகவே ஓடியது. கால் மெல்ல மெல்லத் திரும்பி, கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்தார். கை மட்டும் மடியில் கிடந்தது. அதைவிட மோசம், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. சாப்பிட்டு எழுந்தால் தட்டில் இடது பாதி அப்படியே இருக்கும். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுவார். அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தட்டைத் திருப்பி வைப்பாள்.

பயிற்சி கொடுக்க வருகிற பெண் ரொம்பத் தங்கமான பெண். "எல்லாத்தையும் அவருக்கு இடது பக்கமே வைங்கக்கா. அவரா அந்தப் பக்கம் திரும்பட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாள் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இடது உள்ளங்கையில் ஊசியால் மெல்லக் குத்தினாள்.

"குத்துதா சார்?"

"குத்தப் போறியாம்மா? குத்து, நான் தயார்" என்றார் அவர்.

வாசல் வரைக்கும் வழியனுப்பப் போன பெண்டாட்டியிடம் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அசைவு வந்தாலும் வரலாம்கா. உணர்ச்சி வருமான்னு என்னால சொல்ல முடியல. ரொம்ப எதிர்பார்த்துடாதீங்க."

தாழ்த்தின குரல்தான் வீட்டில் நன்றாகக் கேட்கும். அன்று சாயங்காலம் அவராகவே பேச்சை எடுத்தார்.

"அசைஞ்சு என்னடி பிரயோசனம்? தலையில வச்சா தலைன்னு தெரியணும். தெரியாத கையை வச்சுக்கிட்டு வெட்டினா ஒருத்தன் காது போகும், அதோட கடையும் போகும். பேசாம ரெண்டாம் நாற்காலிகிட்டயே குடுத்துடலாம்."

ரெண்டாம் நாற்காலி என்பது அவருடைய கடையில் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்று முடி வெட்டுகிறவர். வருஷக்கணக்காகக் கூடவே இருப்பவர், நல்ல மனுஷர். "நானா கேக்கல அண்ணி, அண்ணன் சொல்றார்னு தலையாட்டினேன்" என்று அவளிடம் வந்து கண் கலங்கினார். மாதம் பிறந்ததும் சாவியை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வீணாக ஆசை காட்டின மாதிரி ஆகிவிடும். ஆனால் கடை இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தக் கைக்கு மட்டும் உணர்ச்சி வந்துவிட்டால் வேறு எதுவுமே வேண்டாம் என்று, பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பகலில் அவரை வீட்டில் தனியாக விட முடியாது, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பயந்துகொண்டேதான் மேடத்திடம் கேட்டாள். மேடம் அந்த ஆராய்ச்சிக்குத் தலைவி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் எட்டிப் பார்க்கும். அதனால் ஸ்கேல் மேடம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கண்ணாடி வீட்டுல ஒரு மூலையில உக்காரட்டும்" என்றார் மேடம். "ஆனா எதையும் தொடக் கூடாது. என் செடியைத் தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"தொடறதுக்கு எனக்கு இருக்கிறது ஒரு கைதான் மேடம். அதுவும் டீ கிளாஸைப் பிடிச்சிருக்கு" என்றார் இவர். மேடம் அதற்கும் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சின் ஓரத்தில், பெஞ்ச் அவருக்கு இடது பக்கம் வருகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஏதாவது இருந்தால் மனுஷர் திரும்பிப் பார்ப்பார் இல்லையா? அவரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். தட்டு தூக்குகிறவர்களிடம் ஊர்வம்பு பேசினார். நடுப்பகலில் வாட்ச்மேன் வந்து, கையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றி நடக்கவைத்துக் கூட்டிவந்து விடுவார்.

மருந்து தெளித்த அன்றைக்குத்தான் ஒரு சின்னக் குளறுபடி. தெளிப்பான்கள் இரண்டும் ஒரே மாதிரி நீலம். ஒன்றில் மருந்து, ஒன்றில் தண்ணீர். கடைசி பெஞ்சில் பாதியில் இருக்கும்போது அவர் கூப்பிட்டார், அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று. இரண்டு தெளிப்பானையும் கீழே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சரியானதைத்தான் எடுத்தோம் என்று அப்போது அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வந்தது அந்தத் தட்டுகள் குளிர் அறையிலிருந்து வெளியே வந்த காலையில். முந்தின நாள் வரைக்கும் விறைப்பாக இருந்த மற்ற பெஞ்ச்களின் வெள்ளைக் குச்சி நாற்றுகள் எல்லாம், எதிர்பார்த்தபடியே, வதங்கிச் சாய்ந்து கிடந்தன. சிவப்புக் குச்சிகள் நிமிர்ந்து நின்றன. கடைசி பெஞ்சின் வெள்ளைக் குச்சித் தட்டுகளைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கினாள். அதில் ஒரு ஓரத்து நாற்றுகள், வெறும் தண்ணீர் குடித்த நாற்றுகள், குளிராவது கிளிராவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன!

முன்னாலேயே அவை கொஞ்சம் குள்ளமாகத்தான் தெரிந்தன. மூலையில் விசிறிக் காற்று அதிகம், அதனால் இருக்கும் என்று விட்டிருந்தாள். இப்போது அந்த நீலத் தெளிப்பான்கள் ஞாபகம் வந்தன. தெளிப்பானை மாற்றி எடுத்திருக்கிறாள். வேறு என்ன? இத்தனை வருஷத்தில் ஒரு தட்டுகூட மாற்றி வைத்து அறியாதவள், இந்த ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறாள். வீட்டையும் வேலையையும் சேர்த்துத் தூக்க முடியாமல் கை தவறியிருக்கிறது. மாதமும் பிறந்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் ரெண்டாம் நாற்காலி சாவி வாங்க வரப்போகிறார். எல்லாம் இன்றைக்கேவா வர வேண்டும்?

மறைக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. நேராக மேடத்தின் அறைக்குப் போய் நின்றாள்.

"மேடம், நான் தப்புப் பண்ணிட்டேன். கடைசி பெஞ்சுல தண்ணிக்குப் பதிலா மருந்தடிச்சிட்டேன்னு நினைக்கிறேன்."

மேடம் எழுந்து வந்தார். இடக்கையார் அப்போது நாற்காலியில் இல்லை, வாட்ச்மேனோடு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். மேடம் ஸ்கேலை எடுத்து, குளிரிலிருந்து வந்த தட்டில் ஒவ்வொரு நாற்றாக அளந்தார். பிறகு குனிந்து, கடைசி பெஞ்சில் இப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த நாற்றுகளை அளந்தார். அளக்க அளக்கப் புருவம் நெற்றிக்கு ஏறிக்கொண்டே போனது.

"இந்தப் புதுத் தட்டுக்கு மருந்து காட்டியாச்சா?"

"இல்ல மேடம். அடுத்த வாரம்தான்."

"அப்புறம் இது ஏன் குட்டையா இருக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிவந்து பார்த்தாள். ஆமாம், மருந்தே காணாத நாற்றுகள், பெஞ்சின் ஓரத்தில் குட்டையாகவும் உள்ளே போகப் போக உயரமாகவும், சரிவாக நின்றன.

"மருந்து பட்டிருந்தா தட்டு முழுக்க ஒரே மாதிரி குறைஞ்சிருக்கும்" என்றார் மேடம். "இது ஓரத்துல மட்டும். நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. இந்தச் செடியை யாரோ தினமும் தடவியிருக்காங்க."

"தடவினா?"

"தக்காளி நாத்தைத் தினமும் மேலாப்புல கையால தடவிவிட்டா அது தன்னால குட்டையாகும், தண்டு தடிக்கும். காத்து அடிக்கிற இடத்துல வளர்ற மாதிரி நினைச்சுக்கிட்டு உசாராயிடும், குளிரையும் தாங்கும். மருந்தெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம் இது." மேடம் ஸ்கேலின் நுனியால் காட்டினார். "குளிர்ல போன தட்டுல முதல் வரிசை மட்டும்தான் குட்டை. இந்தப் புதுத் தட்டுல மூணு வரிசை உள்ள வரைக்கும் குட்டை. தடவுற ஆளுக்கு வரவர கை நல்லா எட்டுது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"வலது கையைக் கொண்டுவந்து தடவியிருப்பார்" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். ஆசை நெஞ்சுக்குள் எழும்புவதற்குள் அதை உட்காரவைக்கப் பார்த்தாள்.

"உக்காந்து பாருங்க" என்றார் மேடம்.

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சாய்கிற மாதிரி சாய்ந்துகொண்டு, வலது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டினாள். இடுப்பு திருகிக்கொண்டது, விலா வலித்தது. விரல் நுனி பெஞ்சின் விளிம்பைத்தான் தொட்டது. மூன்றாவது வரிசையைத் தொட வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும். பிறகு இடது கையைச் சும்மா தூக்கிப் போட்டாள். அது நேராக நாற்றுகளின் மேல் போய் உட்கார்ந்தது.

"அந்தக் கைக்கு உணர்ச்சி கிடையாது மேடம்" என்றாள். "ஊசியால குத்தினாக்கூட தெரியாது."

"அதைப் பத்தி எனக்குத் தெரியாது. செடிக்கும் தெரியாது. கை வந்திருக்கு. அது மட்டும்தான் செடிக்குத் தெரியும்." மேடம் ஸ்கேலைப் பைக்குள் செருகினார். "இந்த பெஞ்ச் இனி என் ஆராய்ச்சிக்கு உதவாது. தள்ளிவச்சிடறேன். இதை அவர் எவ்வளவு வேணா தடவிக்கட்டும். ஆனா அந்த நாற்காலி மத்த பெஞ்ச் பக்கம் ஒரு அடி வந்துச்சோ, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

வாட்ச்மேனும் இடக்கையாரும் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அவள் குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கட்டின புருஷனை ஒளிந்து நின்று பார்க்கிற நிலைமை வந்ததே என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். வாட்ச்மேன் போனதும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பெஞ்சின் விளிம்பில் வைத்தார். வலது கையை எடுத்துக்கொண்டார். இடது கை வைத்த இடத்தில் கிடந்தது. அவர் பல்லைக் கடித்தார், தோள் காதுவரை ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. கை மெல்ல நகர்ந்தது. நகர்ந்து, எழும்பி, முதல் வரிசை நாற்றுகளின் மேல் ஏறியது. இரண்டாவது வரிசைக்குப் போனது. மூன்றாவது வரிசைக்கும் போனது. உள்ளங்கை விரிந்து, பிடரியிலிருந்து நெற்றிக்குப் போகிற மாதிரி, இலைகளின் மேல் ஓடியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "நல்ல அடர்த்தி சார் உங்களுக்கு. நீங்க என்ன எண்ணெய் போடுறீங்க? தம்பி, உங்களுக்கு உச்சியில சுழி, எப்படி வெட்டினாலும் நட்டுக்கிட்டுதான் நிக்கும், என்னைத் திட்டக் கூடாது. அடுத்து யாருப்பா, வா வா."

பாவி மனுஷா! இத்தனை நாளும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறாயே! அவளுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அவர் திடுக்கிட்டுக் கையை இழுக்கப் பார்த்தார். அது சட்டென்று திரும்பி வரவில்லை, நாற்றுகளின் மேலேயே மாட்டிக்கொண்டது.

"மேடத்துகிட்ட சொல்லிடாதே" என்றார்.

"மேடம்தான் கண்டுபிடிச்சாங்க. ஏங்க, எத்தனை நாளா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? நான் என்ன மூணாவது மனுஷியா?"

அவர் நாற்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசையுது. அவ்வளவுதான்" என்றார். "இலைன்னு ஒண்ணும் தெரியல. கண்ணை மூடிக்கிட்டா, வெறுங்காத்துல கையை ஆட்டுற மாதிரிதான் இருக்கு. இன்னிக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும்னு பாத்தேன். தெரிஞ்சதும் வந்து உன் முன்னாடி நின்னு சொல்லணும்னு இருந்தேன். தெரியவே இல்ல. ஒரு தடவை இந்தக் கைக்காக நீ அழுது தீத்தாச்சு. ஆசையைக் காட்டி இன்னொரு தடவை எதுக்கு உன்னை அழவைக்கணும்?" வலது கையால் இடது கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் அவன் வந்தா சாவியைக் குடுத்துடு. நான் பக்கத்து அறையில படுத்துக்கறேன்."

கடையை எந்தக் காரணத்துக்காக விடப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதை மாற்றச் சொல்லி வாதாட அவளிடம் ஒன்றுமில்லை. உணர்ச்சி இல்லாத கையால் ஒருவர் காதோரம் கத்தரிக்கோல் வைக்கச் சொல்வாளா? ஆனால் போகட்டும் என்று விடவும் மனசு வரவில்லை. நாற்று நடும்போது உட்கார்கிற குட்டை ஸ்டூலை இழுத்து, அவருடைய இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். முடியைத் தூக்கிக் குத்தியிருந்த கிளிப்பைப் பிடுங்கி மடியில் வைத்தாள். தலையை அவர் பக்கம் தாழ்த்தினாள்.

"என்னடி பண்றே?"

"இலை தெரியாம போனா போகட்டும். உங்க கைக்கு இலையா பழக்கம்? முடியைத் தொட்டுப் பாருங்க."

"வேணாம்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன்."

"நீ அழாம இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

"சரி, அழறேன். பரவாயில்ல. கண்ணை மூடிக்கிட்டு வைங்க."

அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது, நாற்காலி கிரீச்சிட்டது. அவள் பிடரியில் அந்தக் கை வந்து விழுந்தது. கனமாக, சில்லென்று, தக்காளி இலை வாசனையோடு இருந்தது. மெதுவாக மேலே ஏறியது. உச்சியைத் தாண்டி நெற்றி வரைக்கும் போனது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கை திரும்பவும் பிடரிக்கு வந்தது. இந்தத் தடவை பக்கவாட்டில் போனது. இடது காதுக்குப் பின்னால் போய் நின்றது. கொஞ்சம் கீழே வந்தது, மறுபடி அதே இடத்துக்குப் போனது. அங்கேயே தடுமாறித் தடுமாறித் துழாவியது.

"அடியே" என்றார் அவர். குரல் மாறிப்போயிருந்தது. "காதுக்குப் பின்னால ஒரு கொத்து குறையுது."

அவள் அசையவில்லை.

"கீழ படிபடியா வேற இருக்கு. எந்த மடையன் வெட்டினான்? யார்கிட்டடி போனே?"

அவள் யாரிடமும் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருத்தரைத் தவிர வேறு யாரும் அவள் முடியில் கத்தரிக்கோல் வைத்ததில்லை. அவர் விழுந்த பிறகு இன்னொருவரிடம் தலை கொடுக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கண் மறைக்க மறைக்கத் தானே வெட்டிக்கொண்டாள். தூக்கிக் கிளிப் போட்டு மறைத்துக்கொண்டாள். அவர் கண்ணுக்குக்கூட அது இதுவரைக்கும் தெரியாது.

"நான்தாங்க வெட்டிக்கிட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாதியிலேயே உடைந்துபோனாள். தோள் குலுங்கியது, தலை குலுங்கியது, கிளிப் மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அவர் முகத்திலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் அவர் இன்னும் திறக்கவில்லை.

"ரெண்டாம் நாற்காலிக்குப் போன் பண்ணு" என்றார். "வரும்போது என் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. வெட்டுறது இன்னிக்கு அவன் வெட்டட்டும், எங்கேன்னு நான் சொல்றேன்." கை அவள் தலையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தது. "அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். இப்ப தலையை ஆட்டாதே."